கண்ணாடிக் குழாய் கற்பித்த பாடம்



மீன் தொட்டியில் கிடக்கும் ஹீட்டரை எப்படிக் கழுவுவது என்று எழுத ஒரு வாத்தியாருக்கு வேறு வேலை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். சுங்கை சிப்புட்டிலோ பகாவிலோ கோலசிலாங்கூரிலோ இருக்கும் வாசகர் ஒருவர், "எங்கள் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீரே பாதி வெந்துவிடுகிறது. இதில் ஹீட்டர் எதற்கு?" என்று சிரிக்கவும் செய்வார். சிரித்துவிட்டு, தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள். நான் எழுத வந்தது மீனைப் பற்றி மட்டும் அல்ல. தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கும் எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டிலும் கேத்தல் உண்டு, துணி துவைக்கும் இயந்திரம் உண்டு, சிலர் வீட்டில் குளியலறை ஹீட்டரும் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது என் தவற்றைப் பற்றிய கதை. பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் செய்த தவறு. வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெட்கத்தைப் பார்த்தால் யாருக்கும் பயன் இல்லை.

தொட்டி வந்த கதை

நான் வேலை பார்ப்பது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளியில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம். பகலில் 23, 24 பாகை செல்சியஸ் என்று சுகமாக இருக்கும். இரவானால் 16, 17 பாகைக்கு இறங்கிவிடும். ஆண்டுக் கடைசி மழை மாதங்களில் விடியற்காலையில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் தலையில் துண்டும் உடம்பில் இரண்டு சட்டையுமாகத்தான் பெரட்டுக்கு வந்து நிற்பார்கள்.

2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். படத்தைக் காட்டிச் சொல்வதைவிட உயிரோடு காட்டினால் மனத்தில் நிற்கும் என்று எண்ணினேன். தாப்பாவுக்கு இறங்கியபோது ஒரு கண்ணாடித் தொட்டியும் பத்துக் கப்பி மீன்களும் வாங்கி வந்தேன். தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம். தண்ணீர் ஏறத்தாழ 60 லிட்டர் பிடிக்கும். வகுப்பின் பின்புறம் வைத்த அன்று பிள்ளைகளின் கண்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டாவது வாரம் மீன்களின் உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. ஒவ்வொன்றாக மேலே மிதக்கத் தொடங்கின. மீண்டும் தாப்பாவுக்குப் போய்க் கடைத் தவுக்கேயிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "சிக்கு, உங்க இடம் சிஜுக். இந்த மீன் எல்லாம் சூடான நாட்டு மீன்" என்று தமக்குத் தெரிந்த தமிழிலும் மலாயிலும் விளக்கினார். கப்பியும் ஏஞ்சல் மீனும் தென் அமெரிக்காப் பக்கத்து வெதுவெதுப்பான தண்ணீரில் பிறந்த இனங்கள். 24-லிருந்து 27 பாகை வரை இருந்தால்தான் அவற்றுக்குச் சுகம். தண்ணீர் குளிர்ந்தால் நோயை எதிர்க்கும் சக்தி குறையும். தொட்டியில் ஒளிந்திருக்கும் வெள்ளைப் புள்ளி நோய்க்கிருமி அப்போதுதான் மேலே ஏறும். தங்கமீன் என்றால் குளிரைத் தாங்கும், அதற்கு ஹீட்டர் வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் கொடுத்தது 100 வாட் ஹீட்டர். ஒரு முழ நீளம்கூட இல்லாத கண்ணாடிக் குழாய். தலையில் கறுப்பு மூடி, அதில் வெப்ப அளவைத் திருப்பி வைக்க ஒரு குமிழ். இரண்டு ரப்பர் உறிஞ்சிகளால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே சின்னச் சிவப்பு விளக்கு. சாதாரணமாக ஒரு லிட்டருக்கு ஒரு வாட் என்பது கணக்கு. எங்கள் குளிருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும் என்று அவர் 100 வாட் கொடுத்தார்.

தொட்டியைக் கவனிக்கும் வேலையை ஒரு பையனிடம் ஒப்படைத்தேன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அதிகம் பேசமாட்டான். அவன் தாயார் ஜொகூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தீபாவளிக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில் ஒரு முறை என்றுதான் வந்து போவார். பையன் லயத்து வீட்டில் தாத்தாவோடு இருந்தான். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்கமாட்டான். தொட்டி வந்த பிறகு, தினமும் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, தண்ணீரில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பான். தேதி, பாகை, குறிப்பு என்று மூன்று கட்டம் அவனே கோடு போட்டுக்கொண்டான். "25 பாகை. ஏஞ்சல் நன்றாகச் சாப்பிட்டது." இப்படி ஒரு வரி. வாயால் பேசாத பிள்ளை அந்தக் கட்டத்தில் பேசினான்.

"தண்ணி கடிக்குது, சார்"

அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் நீண்ட விடுமுறை விட்டது. பள்ளியில் தொட்டியைப் பார்க்க ஆள் இல்லை என்பதால் அதை என் குவாட்டர்ஸுக்குக் கொண்டு வந்தேன். அடுப்படியை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு மேசைமேல் வைத்தேன். சிமெந்துத் தரை, பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். இடம் வசதியாக இருக்கிறது என்று நினைத்தேன். அது வசதி அல்ல, ஆபத்து என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை.

பையன் தினமும் காலையில் வந்து பாகையைப் பார்த்து எழுதிவிட்டுப் போவான். ஒரு சனிக்கிழமை, கீழே ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. கிளம்பும் அவசரத்தில் தொட்டியைப் பார்த்தேன். ஹீட்டர் குழாய் பச்சையாகப் பாசி பிடித்து, தண்ணீர் மட்டத்தில் வெள்ளை வளையம் படிந்து அசிங்கமாக இருந்தது. திரும்பி வர இரவாகிவிடும், இப்போதே கழுவிவிடலாம் என்று எண்ணினேன். சுவிட்சைத் தட்டிவிட்டு, உடனேயே குழாயை வெளியே எடுத்தேன். கை சுட்டது. பாத்திரம் துலக்கும் கம்பி நாரில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, குழாயடியில் சில்லென்ற தண்ணீரில் காட்டினேன். "டிக்" என்று ஒரு சத்தம். மூடி உட்கார்ந்த சத்தம் போலும் என்று விட்டுவிட்டேன். திரும்பத் தொட்டியில் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பையன் வந்தான். நான் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"சார், பத்தொன்பதுதான் இருக்கு" என்றான்.

"ஹீட்டரு சரியா நிக்கலையா, பாருடா" என்றேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. நான்தான் சொன்னேன்.

அவன் கையைத் தண்ணீரில் விட்டான். உடனே வெளியே இழுத்துக்கொண்டான். விரல்களைப் பார்த்தான்.

"தண்ணி கடிக்குது, சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மீனு கடிச்சிருக்கும்டா" என்று சொல்லிக்கொண்டே நானும் தொட்டிப் பக்கம் போனேன். வெறுங்கால். முகம் கழுவிய தண்ணீர் தரையில் தேங்கியிருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, கையைத் தண்ணீருக்கு மேல் நீட்டினேன்.

"வாத்தியாரே! கைய வைக்காதீங்க!"

வாசலில் அவன் தாத்தா. பேரனைத் தேடி வந்தவர். அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், இரண்டே எட்டில் உள்ளே வந்து, சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டுப் பிளக்கையும் பிடுங்கினார். பிறகு பையனின் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தார். பிறகு அவன் காலைப் பார்த்தார். பையன் ரப்பர் சிலிப்பர் போட்டிருந்தான். என் வெறுங்காலையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பின் மெயின் சுவிட்சுப் பெட்டி எங்கே என்று கேட்டார். காட்டினேன். அதில் கரண்டு கசிந்தால் தானாக 'டிரிப்' ஆகி விழவேண்டிய சுவிட்சு ஒன்று உண்டல்லவா? அதன் பக்கத்தில் இருக்கும் சின்னச் சோதனைப் பொத்தானை அழுத்தினார். 'டக்' என்று விழவேண்டும். விழவில்லை. மறுபடியும் அழுத்தினார். விழவில்லை.

"இத எப்ப அழுத்திப் பாத்தீங்க, வாத்தியாரே?"

அந்த வீட்டில் குடியேறி ஆறு ஆண்டுகள். ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டதில்லை. அப்படி ஒரு பொத்தான் எதற்கு இருக்கிறது என்றுகூட யோசித்ததில்லை.

குழாய்க்குள் இருப்பது என்ன?

பெரியவர் தேயிலைப் பேக்டரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து வாட்டும் காற்றாடியிலிருந்து உலர்த்தும் யந்திரம் வரை அவர் கை படாத மோட்டார் கிடையாது. நான் கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ஹீட்டரை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மயிரிழை போல் ஒரு கீறல். உள்பக்கம் பனி படர்ந்ததுபோல் ஈரம்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க" என்று எனக்கும் பையனுக்கும் பாடம் நடத்தினார். நான் மாணவனாகக் கேட்டேன்.

கண்ணாடிக் குழாய்க்குள் பீங்கான் தண்டு. அதில் மெல்லிய கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி அது. கரண்டு போனால் சூடாகும், எளிதில் உருகாது. அதற்கு மேலே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. சூடு ஏறும்போது ஓர் உலோகம் அதிகமாக விரியும், மற்றது குறைவாக விரியும். அதனால் தகடு வளைந்து கரண்டைத் துண்டித்துவிடும். தண்ணீர் குளிர்ந்தால் தகடு நிமிர்ந்து மீண்டும் தொடும். "உங்க வீட்டு இஸ்திரிப் பெட்டி 'டிக்'குன்னு விளக்கு அணைஞ்சு எரியுதுல்ல? அதே சங்கதிதான்" என்றார்.

கரண்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வேலியாக நிற்பது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். சூடான கண்ணாடியைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் வெளிப்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது. அந்த இழுபறியில் கண்ணாடி கீறிவிடும். நான் கேட்ட "டிக்" அதுதான். கீறல் வழியே தண்ணீர் உள்ளே போகும். கரண்டு வெளியே வரும்.

"அப்படின்னா மீனு ஏன் சாகல, தாத்தா?" பையன் கேட்டான். நல்ல கேள்வி. வகுப்பில் அவன் ஒரு நாளும் கேட்காத கேள்வி.

"கரண்டுக் கம்பியில மைனா உக்காந்துருக்கே, அது சாகுதா?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். மைனாவின் கால் தரையில் படவில்லை. கரண்டுக்குப் போக வழி இல்லை. மீனும் அப்படித்தான். தொட்டி கண்ணாடி, மேசை பலகை. தரைக்கு வழி இல்லாமல் கரண்டு தண்ணீரில் காத்துக்கொண்டிருக்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று ஒருவன் கையை விட்டால், அவனே வழியாகிவிடுவான். ஆகவே வாசகர்களே, மீன்தான் நன்றாக நீந்துகிறதே என்று நம்பிக் கையை விட்டுவிடாதீர்கள்.

"பியூஸ் போயிருக்குமே, ஐயா?" என்று நான் கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். நம் மூன்று முள் பிளக்கில் இருக்கும் பியூஸ் பெரும்பாலும் 13 ஆம்பியர். அது கம்பி எரிந்துவிடாமல் காப்பதற்காக வைத்தது. மனித உயிர் போவதற்கு ஓர் ஆம்பியரில் நூற்றில் சில பங்கு போதும். பியூஸ் அதை உணரவே உணராது. அந்தச் சின்னக் கசிவை உணர்ந்து கண் இமைப்பதற்குள் விழுவதற்குத்தான் மெயின் பெட்டியில் அந்தச் சுவிட்சு இருக்கிறது. என் வீட்டில் அது செத்துக் கிடந்தது. அன்று பையனைக் காப்பாற்றியது சுவிட்சு அல்ல, அவன் காலில் கிடந்த ரப்பர் சிலிப்பர். அதைக் கழற்றி வாசலில் விட்டு வந்திருந்தால்?

அந்த "இருந்தால்" என்ற சொல் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

"முப்பது வருசம் கரண்டோடயே இருந்தேன். அதுக்கு மன்னிக்கத் தெரியாதுங்க, வாத்தியாரே" என்று மட்டும் சொல்லிப் பெரியவர் தேநீர்க் கிளாசைக் கீழே வைத்தார்.

கழுவும் முறை

அவர் கற்றுக்கொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போர் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்கக்கூடாது. பிளக்கு கண்ணுக்குத் தெரியும்படி மேசைமேல் கிடக்கட்டும். அப்போதுதான் வீட்டில் உள்ள மற்றவர் தெரியாமல் போட்டுவிடமாட்டார்.

அடுத்து, ஹீட்டரை உடனே எடுக்கக்கூடாது. தண்ணீருக்குள்ளேயே அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு தேநீர் குடிக்கலாம். நான் குடிக்காமல் விட்ட தேநீர் அதுதான். தண்ணீர் மாற்றும்போதும் இதே விதி. தொட்டித் தண்ணீரை இறைத்து ஹீட்டர் வெளியே தெரிந்தால், எரிந்துகொண்டிருக்கும் குழாய் சில நிமிடங்களில் கடுமையாகச் சூடேறும். அதன்மேல் புதுத் தண்ணீர் பட்டால் கீறல்தான்.

ஆறிய பிறகு வெளியே எடுத்து, பழைய துணியாலோ மெத்தென்ற பஞ்சாலோ பாசியை வழித்துவிட வேண்டும். மூடியின் இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கி போதும். கம்பி நார், கத்தி, சவரத் தகடு எதுவும் கூடாது. கண்ணாடியில் விழும் சிறு கோடே நாளைக்குப் பெரிய கீறலாகும். சவர்க்காரமும் கூடாது. எவ்வளவு கழுவினாலும் இடுக்கில் தங்கும். மீனுக்கு அது நஞ்சு.

வெள்ளைப் படிவு இருந்தால் அது சுண்ணாம்பு. எங்கள் மலைத் தண்ணீரில் அது குறைவு. தண்ணீர் ஆவியாகும் மட்டத்தில் ஒரு வளையமாகத்தான் படியும். சுண்ணாம்பு மலை அடிவாரத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்துவோருக்குக் கேத்தலின் அடியில் அது ஓடு போலவே கட்டியிருக்கும். கடையில் 'சுக்கா' என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த வெள்ளைக் காடியில் ஒரு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, உயரமான கிளாசில் ஊற்றி, குழாயை அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும். மூடியும் கம்பியும் காடியில் முழுகக்கூடாது. புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்துவிடும். காடி இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

படிவை ஏன் எடுக்க வேண்டும்? சூட்டைத் தண்ணீருக்கு எளிதில் கடத்தாத போர்வை அது. அந்தப் போர்வைக்குள் கம்பியும் கண்ணாடியும் அளவுக்கு மேல் சூடேறி ஆயுள் குறையும். தகடும் தண்ணீரின் உண்மையான சூட்டை அறியாமல் முன்கூட்டியே நின்றுவிடும்.

கழுவியதோடு வேலை முடியவில்லை. முக்கியமான வேலை பார்ப்பதுதான். வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். கீறல் உண்டா? உள்ளே ஈரமோ பனியோ தெரிகிறதா? கம்பி மூடிக்குள் நுழையும் இடத்தில் வெடிப்போ எலி கடித்த தடமோ உண்டா? பிளக்கின் முள்ளில் கருகிய அடையாளம் உண்டா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த ஹீட்டர் குப்பைக்குத்தான். பசை போட்டு ஒட்டலாம், டேப் சுற்றலாம் என்று எண்ணவே கூடாது. தூக்கி எறியும்முன் கம்பியை வெட்டிவிடுங்கள். பிறகு வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தமாட்டார்கள். ரப்பர் உறிஞ்சி விறைத்துப்போயிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

திரும்ப வைக்கும்போது, குழாயில் போட்டிருக்கும் தண்ணீர் மட்டக் கோடு முழுகும்படி வைக்க வேண்டும். தண்ணீர் ஓட்டம் உள்ள பக்கம் வைத்தால் சூடு எங்கும் பரவும். வைத்ததும் கரண்டு கொடுக்காமல், தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் குழாய் வரும்வரை மறுபடி அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். கம்பி நேராகப் பிளக்குக்கு ஏறக்கூடாது. ஒரு தொங்கல் விட்டு, அந்தத் தொங்கல் பிளக்கைவிடத் தாழ்வாக இருக்கட்டும். கம்பி வழியே வழியும் தண்ணீர் அங்கேயே தரையில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. 100 வாட் ஹீட்டர் அரை ஆம்பியரைக்கூட இழுக்காது. ஆகவே பிளக்கில் 3 ஆம்பியர் பியூஸ் போதும்.

கடைசியாக, குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிடுங்கள். தகடு சில சமயம் ஒட்டிக்கொண்டு பிரியாமலே நின்றுவிடும். அப்போது சூடு ஏறிக்கொண்டே போய் மீன் அவிந்துவிடும். தினமும் ஒரு முறை வெப்பமானியைப் பார்ப்பவர் வீட்டில் அது நடக்காது.

மலையில் மழைக்காலத்தில் கரண்டு போவது உண்டு. அப்போது தொட்டியைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்துங்கள். வெந்நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வெதுவெதுப்பான நீரைப் போத்தலில் அடைத்து மிதக்கவிட்டால் சூடு மெல்ல இறங்கும். சட்டென்று ஏறும் சூடும் மீனுக்குக் கெடுதல்தான்.

ஒரு தொலைபேசி அழைப்பு

பெரியவர் கிளம்பும்போது, "இவன் அம்மாகிட்ட நான் சொல்லப் போறதில்ல, வாத்தியாரே. நீங்க சொல்லுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது கட்டளை என்பது எனக்குப் புரிந்தது.

அன்று இரவு தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரிலும் என் பெயர் கெடாது. என் மனைவிதான், "பிள்ளைங்க தப்பு செஞ்சா எழுந்து நின்னு சொல்லச் சொல்வீங்கல்ல?" என்று கேட்டார். எழுந்து நின்றுகொண்டே எண்களை அழுத்தினேன்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சூட்டோடு எடுத்தது, சவர்க்காரம் போட்டது, நானே பையனைக் கையை விடச் சொன்னது, ஆறு ஆண்டாகப் பொத்தானை அழுத்தாதது. மறுமுனையில் சத்தமே இல்லை. இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. இரவு வேலை போலும். திட்டுவார், அழுவார், பையனை இனி அனுப்பமாட்டேன் என்பார் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"அவன் சாப்பிட்டானா, சார்?" என்றுதான் அந்தத் தாய் கேட்டார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாப்பிட்டான், நானே பார்த்தேன் என்று சொன்னேன். சிறிது நேரம் கழித்து, "அந்த மீன எடுத்துடாதீங்க, சார். போன் பண்ணா அதப் பத்தி மட்டுந்தான் எங்கிட்டப் பேசுறான்" என்றார்.

அந்த வாரமே உரிமம் பெற்ற மின்சாரத் தொழிலாளி ஒருவரை அழைத்து, பெட்டியில் இருந்த சுவிட்சை மாற்றினேன். தொட்டியைத் தாழ்வாரத்திலிருந்து உலர்ந்த அறைக்கு நகர்த்தினேன். புது ஹீட்டர் வந்தது. தொட்டி பள்ளிக்குத் திரும்பியபோது, அதன்மேல் ஓர் அட்டை ஒட்டினோம்: "பிளக்கைப் பிடுங்காமல் கையை விடாதே." எழுதியவன் அந்தப் பையன்தான். அறிவியல் பாடத்தில் மின்சாரம் வரும்போதெல்லாம் இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கதையில் முட்டாள் யார் என்று மறைக்காமல் சொல்கிறேன்.

அவன் பள்ளியை முடித்துப் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கான கட்டத்தில் இப்படி எழுதியிருக்கிறான்: "19 பாகை. தண்ணி கடித்தது. சாருக்கு ஒன்றும் ஆகவில்லை."

வாசகர்களே, அவன் தன்னைப் பற்றி எழுதவில்லை, பார்த்தீர்களா?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மீன் தொட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் எழுந்து, உங்கள் வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் அந்தச் சின்னப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழுந்தால் நிம்மதியாக மேலே தூக்கிவிடுங்கள். விழவில்லை என்றால் உரியவரிடம் அன்றே சொல்லுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்தி, எதற்காக இது என்று சொல்லிக் கொடுங்கள்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பெரியவர் சரியான நேரத்தில் வாசலில் வந்து நின்றார். எல்லார் வாசலிலும் அப்படி ஒருவர் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதை எழுதினேன்.